முயல் தன் புழுக்கையை ஏன் விழுங்குகிறது?

முயல் இரண்டு வகைப் புழுக்கை போடுகிறது. கூண்டுக்கு அடியில் குவிந்து கிடப்பதும், நாம் கூட்டி அள்ளி உரக்குழியில் போடுவதும் ஒரு வகை. ஏறத்தாழ 1 செ.மீ. உருண்டை, கெட்டி, உலர்ந்தது. விரலால் நசுக்கினால் நார்த்தூளாக உதிரும், நாற்றம் அவ்வளவாக இருக்காது. இன்னொரு வகையை, முயல் நலமாக இருக்கும்வரை, வளர்ப்பவரே பார்ப்பது அரிது. அரை செ.மீ. அளவுள்ள மெத்தென்ற உருண்டைகள், கரும்பச்சை நிறம், மேலே பளபளக்கும் சளிப்படலம். பல உருண்டைகள் ஒட்டிச் சின்னக் கருந்திராட்சைக் கொத்தாக வெளிவரும். நெடி அதிகம். இது தரையைத் தொடுவதே இல்லை. முயல் குனிந்து, பின்னங்கால்களுக்கு இடையே தலையை நுழைத்து, ஆசனவாயிலிருந்து நேராக வாயால் வாங்கி மெல்லாமல் விழுங்கிவிடுகிறது. பார்ப்பவருக்கு அது உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதாகவே தோன்றும்.

இதைக் கவனித்துவிட்ட சிலர் பதறுகிறார்கள். தீவனம் போதவில்லையோ, ஏதாவது சத்துக் குறையோ என்று எண்ணித் தடுக்கவும் பார்க்கிறார்கள். தடுக்கவே கூடாது. மென்புழுக்கை கழிவு அல்ல. முயல் தன் குடலுக்குள் தனக்காகத் தயாரித்துக்கொள்ளும் உணவு அது. இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கிவிட்டால், மற்ற விலங்குகள் மலம் தின்பதில் எது இயல்பு, எது நோய், எதில் ஆபத்து என்று பிரித்துப் பார்க்கவும் வழி கிடைக்கும்.

புல்லின் நாரை உடைக்கும் நொதி எந்தப் பாலூட்டியின் உடம்பிலும் சுரப்பதில்லை. அந்த வேலையைப் பாக்டீரியாவும் பிற நுண்ணுயிர்களும்தான் செய்ய வேண்டும். அவற்றுக்கு இருட்டும் வெதுவெதுப்பும் காற்றில்லாத இடமும் உள்ள ஒரு பை வேண்டும். மாட்டுக்கு அந்தப் பை முன்னால், அசையூண் இரைப்பையில் இருக்கிறது. அங்கே பெருகும் நுண்ணுயிர்கள் தீவனத்தோடு சேர்ந்து அடுத்த இரைப்பைக்கும் அங்கிருந்து சிறுகுடலுக்கும் போகின்றன. மாடு அவற்றையே செரித்துப் புரதமாகவும் வைட்டமினாகவும் எடுத்துக்கொள்கிறது. முயலுக்குப் பை பின்னால் இருக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு முனை மூடிய பெரிய பை. சீக்கம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. முயலின் செரிமானப் பாதை முழுவதிலும் உள்ள பொருளில் ஏறத்தாழ 40 சதவீதம் இதற்குள்தான் கிடக்கும். நொதித்தல் நன்றாகவே நடக்கிறது. அதில் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் பையின் சுவர் வழியாகவே ரத்தத்தில் சேர்ந்து ஆற்றல் தருகின்றன. ஆனால் அங்கே வளர்ந்த பாக்டீரியாவின் புரதத்தை உறிஞ்சும் இடம் சிறுகுடல். அது ஏற்கெனவே கடந்துபோய்விட்டது. சரக்கு தயாராகும் இடம் அதை வாங்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதை முன்வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவர முயலுக்கு இருக்கும் ஒரே வழி, வெளியே வந்ததை மறுபடி வாயில் போட்டுக்கொள்வது.

வெளியே வருவதை எல்லாம் தின்றால் பயனில்லை. நாரும் சத்தும் கலந்துதான் வரும். அதனால் பெருங்குடலின் முதற்பகுதியில் ஒரு சலிப்பு வேலை நடக்கிறது. பெருங்குடல் சுவர் பைபையாகப் புடைத்திருக்கும். அது சுருங்கி விரியும்போது அரை மி.மீ.க்கு மேற்பட்ட நார்த்துண்டுகள் நடுவில் ஓடிக் கீழ்நோக்கிப் போய்விடும். 0.3 மி.மீ.க்குக் குறைவான நுண்துகள்களும் பாக்டீரியாவும் நீரும் சுவரோரத்தில் ஒதுங்கும். சுவரின் எதிர்த்திசை அசைவு அவற்றைச் சீக்கத்துக்குள் திருப்பி அனுப்பும். நடுவில் போன நார் நீர் வற்றிக் கெட்டிப் புழுக்கையாகிறது. தின்ற சில மணி நேரத்தில் இது தொடங்கிவிடும். பிறகு ஒரு கட்டத்தில் சலிப்பு நின்று சீக்கம் சுருங்கும். உள்ளே நொதித்த விழுது அப்படியே இறங்கி, சளி பூசிய மென்புழுக்கையாக வரும். சலிப்பையும் நிறுத்தத்தையும் முறைப்படுத்துவது பெருங்குடலின் நடுவில் உள்ள, நரம்பும் ரத்தநாளமும் அடர்ந்த ஒரு தடித்த சிறு பகுதி. இது முயல் குடும்பத்துக்கே உரியது. பயம், வலி, கடும் வெயில் என்று எது வந்தாலும் முதலில் தடுமாறுவது இந்தப் பகுதிதான். பயந்துபோன முயல் தீனியை நிறுத்துவதும் புழுக்கை சிறுத்துப்போவதும் இதனால்தான்.

இரண்டு வகையையும் ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கெட்டிப் புழுக்கையில் உலர்பொருள் ஏறத்தாழ 58 சதவீதம், மென்புழுக்கையில் 27. அந்த உலர்பொருளில் புரதம் கெட்டிப் புழுக்கையில் 13 சதவீதம்தான். மென்புழுக்கையில் 29 முதல் 30. நார் அதற்கு நேர்மாறு: 38-க்கு 22. தீவனத்துக்கேற்ப இந்த எண்கள் மேலும் கீழும் நகரும், ஆனால் இந்த வேறுபாடு தலைகீழாவதில்லை. புரதத்தோடு பி வைட்டமின்கள், பி12, வைட்டமின் கே ஆகியவையும் மென்புழுக்கையில் நிறைந்திருக்கின்றன. ஒரு முயலுக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் புரதத்தில் ஆறில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இந்த வழியில் வருகிறது. வறட்டுப் புல்லை மட்டும் தின்று காட்டு முயல் கோடையைத் தாண்டுவதற்கு இது பெரிய உதவி.

முயல் அதை ஏன் மெல்லுவதில்லை? இரைப்பையில் அமிலம் மிகக் கடுமையானது. அமிலத்தன்மை எண் (pH, குறையக் குறைய அமிலம் கடுமை) 1 முதல் 2 வரைதான். சளிப்படலம் கிழியாமல் உள்ளே போனால், இரைப்பையின் ஒரு பக்கத்தில் தங்கி ஆறு மணி நேரம் வரைக்கும்கூட உள்ளிருக்கும் பாக்டீரியா உயிரோடு நொதித்துக்கொண்டிருக்கும். பிறகு படலம் கரைந்து, பாக்டீரியா சிறுகுடலுக்குப் போய்ச் செரிக்கப்படுகிறது. பாக்டீரியாவின் சுவரை உடைக்க லைசோசைம் என்ற நொதி வேண்டும். மாடு அதை நான்காம் இரைப்பையில் சுரக்கிறது. முயல் தன் பெருங்குடலிலேயே சுரந்து மென்புழுக்கையோடு கலந்து அனுப்பிவிடுகிறது. வெவ்வேறு வழியில் வந்த இரண்டு விலங்குகள் ஒரே சிக்கலுக்கு ஒரே கருவியை எடுத்திருக்கின்றன. விலங்குகளின் செரிமானத்தில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

இதை முதலில் எழுதி வைத்தவர் பிரான்சைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் மோரோ, ஆண்டு 1882. பலரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1939, 1940-இல் வேறு சிலர் மறுபடி கவனித்து எழுதிய பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. அறுத்துப் பார்த்தால் இரைப்பையில் முழு உருண்டைகள் கிடக்கும் என்பதால், கசாப்புக்காரர்கள் அதற்கு முன்பே இதைப் பார்த்திருப்பார்கள்.

இனி வளர்ப்பவர்களுக்கு. கம்பி வலைத் தரை போட்டால் முயல் புழுக்கை தின்னாது என்ற நம்பிக்கை தவறு. வலை வழியே விழுவது கெட்டிப் புழுக்கை. மென்புழுக்கை விழுவதற்கு முன்பே வாய்க்குள் போய்விடுகிறது. ஆகவே வலைத்தரை முயலுக்குச் சத்து இழப்பு எதையும் உண்டாக்காது. நோய்ப் பரவலைக் குறைக்கும். ஆனால் கழுத்துப் பட்டையால் தடை உண்டாகிறது. அறுவைக்குப் பிறகு தையலைக் கடிக்காதிருக்க நாய்க்கு மாட்டும் கூம்புப் பட்டையை முயலுக்கும் மாட்டிவிடுகிறார்கள். பட்டை இருக்கும் நாள் முழுக்க அது மென்புழுக்கையை எடுக்க முடியாது. இயன்றவரை பட்டை இல்லாமல், உள்தையல் போட்டுச் சமாளிக்கும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மென்புழுக்கை கூண்டில் நசுங்கிக் கிடந்தாலோ, பின்பக்க மயிரில் அப்பியிருந்தாலோ அதுதான் எச்சரிக்கை. பெரும்பாலோர் இதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிக் கழிச்சல் மருந்து கொடுக்கிறார்கள். வேறுபடுத்துவது கடினமில்லை. அதே கூண்டில் வழக்கமான கெட்டிப் புழுக்கையும் கிடந்து, முயல் தின்று ஓடியாடிக்கொண்டிருந்தால் அது எடுக்காமல் விட்ட மென்புழுக்கை. கெட்டிப் புழுக்கையே இல்லாமல் நீராகப் போய், முயல் முதுகைக் கூனி மூலையில் உட்கார்ந்திருந்தால் அது உண்மையான கழிச்சல். குட்டி முயலைக் கழிச்சல் ஒரே நாளில் கொன்றுவிடும், காத்திருக்கக் கூடாது.

எடுக்காமல் விடுவதற்குக் காரணம் இரண்டு வகை. ஒன்று, தேவைக்கு மேல் சுரந்துவிடுவது. அடர்தீவனம், பயறு வகைத் தழை, வாழைப்பழம், பிஸ்கட், சோறு என்று புரதமும் மாவும் சர்க்கரையும் மிகுந்தால் மென்புழுக்கை அதிகமாக, உருவம் தளர்ந்து வருகிறது; பசி அடங்கிய முயல் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இரண்டு, குனிய முடியாமல் போவது. உடற்பருமன், வயதான முயலின் முதுகு மூட்டுவலி, தாடைக்கடியில் தொங்கும் கொழுத்த தோல்மடிப்பு, வளர்ந்து குத்தும் பல், நெருக்கமான கூண்டு: இவற்றில் எதுவானாலும் தலை அங்கே எட்டாது. முதல் வகைக்குத் தீவனத்தை மாற்றினால் போதும். இரண்டாவதற்குத் தீவனத்தோடு சிகிச்சையும் வேண்டும். எடைபார்த்து, பல்லைச் சோதித்து, முதுகை அழுத்திப் பார்த்த பிறகே தீவனத்தின் மீது பழி போட வேண்டும்.

வீட்டில் வளர்க்கும் வளர்ந்த முயலுக்குக் குருணைத் தீவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது. 2 கிலோ முயலுக்கு நாளுக்கு 50 கிராம், அவ்வளவுதான். மீதி வயிறு புல்லாலும் காய்ந்த புல்லாலும் நிறைய வேண்டும். அறுகம்புல், கம்பு நேப்பியர் போன்றவை எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். குதிரைமசால், வேலிமசால், அகத்தி எல்லாம் நல்ல தழைதான். ஆனால் அவையே முழுத் தீவனமாகிவிட்டால் மேலே சொன்ன முதல் வகைச் சிக்கல் வரும். இறைச்சிக்காக வளரும் குட்டிகளின் கலப்புத் தீவனத்தில் புரதம் 16 சதவீத அளவிலும், நார் 14 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நாரின் அளவோடு அதன் துகள் பருமனையும் பார்க்க வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் நாரும் நுண்துகளாகிச் சீக்கத்துக்குள் திரும்பிப் போய்த் தங்கும். குடலைத் தள்ளும் வேலையைச் செய்யாது. பண்ணையிலேயே தீவனம் அரைப்பவர்கள் சல்லடையை மாற்றினாலே பல கழிச்சல் சாவுகள் குறையும். மாற்றம் எதுவானாலும் பத்து, பதினான்கு நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். சீக்கத்தில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே நாளில் வேறு தீனிக்கு மாறாது.

அப்பிய மயிரை அப்படியே விட்டால் ஈ முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து புழு வைத்துவிடும். புழு தோலைத் துளைத்து உள்ளே போகத் தொடங்கினால் மிகக் குறைந்த நேரத்தில் முயல் அதிர்ச்சியில் இறக்கும். மழைக்காலத்தில் காலையும் மாலையும் வாலுக்கடியைப் பாருங்கள். அழுக்கு இருக்கும் இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரால் துடைத்து, நீண்ட மயிரைக் கத்தரித்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். முழு உடம்பையும் குளிப்பாட்டக் கூடாது. வெண்ணிறத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டையைச் சீப்பால் வாரி எடுத்துவிடலாம். புழு கண்ணில் பட்டால் அன்றே மருத்துவர். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பென்டைன் முயலின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும். நாய்க்கு உண்ணி போகத் தெளிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு, தொடவே கூடாது.

சீக்கத்தின் நுண்ணுயிர்தான் முயலின் உயிர் என்பதை மறந்து எழுதப்படும் மருந்துச் சீட்டும் கொல்லும். வாய் வழியாகக் கொடுக்கும் பெனிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவை நல்ல பாக்டீரியாவை அழித்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருக இடம் கொடுக்கின்றன. சில நாளில் கழிச்சல் கண்டு முயல் செத்துப்போகும். மனிதருக்கு வாங்கி மீந்த மாத்திரையை முயலுக்கு உடைத்துக் கொடுப்பதை இந்த ஒரு காரணத்துக்காகவே அறவே நிறுத்த வேண்டும்.

குட்டிகளுக்கு மூன்று வாரம்வரை பால் மட்டும்தான். திடத் தீனி கொறிக்கத் தொடங்கும்போதுதான் மென்புழுக்கைப் பழக்கமும் தொடங்கும். ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடக்கிறது. பாலூட்ட வரும் தாய் கூட்டுப்பெட்டியில் சில கெட்டிப் புழுக்கைகளை விட்டுச் செல்கிறது; இரண்டாம் வாரத்தில் குட்டிகள் அவற்றைக் கொறிக்கின்றன. தாயின் குடல் நுண்ணுயிர் குட்டிக்குப் போய்ச் சேரும் வழி இது. பெட்டியில் நனைந்த புல்லையும் செத்த குட்டியையும் எடுக்க வேண்டும். காய்ந்து கிடக்கும் நாலைந்து புழுக்கையைத் தேடித் தேடிப் பொறுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நோய் பரவாதா? இங்கே நேரம்தான் கணக்கு. முயல் பண்ணைகளில் பெருஞ்சேதம் விளைவிக்கும் ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணியான காக்சிடியாவின் முட்டைகள் வெளிவந்த உடனே தொற்றும் நிலையில் இருப்பதில்லை. ஈரமும் காற்றும் கிடைத்து ஒரு நாள் முதல் சில நாள்களில் முதிர்ந்த பிறகுதான் தொற்றும். ஆசனவாயிலிருந்து நேராக விழுங்கும் மென்புழுக்கையால் இது வருவதில்லை. தட்டிலும் மூலையிலும் தங்கிப் பழசாகும் கெட்டிப் புழுக்கையிலிருந்தும் அது கலந்த தீவனத்திலிருந்தும் வருகிறது. அதனால்தான் தினமும் அடியைக் கூட்டச் சொல்கிறார்கள். ஊசிப்புழுவின் கதை வேறு. அதன் முட்டை ஆசனவாய்ப் பக்கத்திலேயே இருப்பதால் மென்புழுக்கையோடு சேர்ந்து முயல் தன்னைத்தானே மறுபடி தொற்றிக்கொள்ளும். ஒரு தடவை புழு மருந்து கொடுத்துவிட்டு விட்டால் திரும்ப வருவது இதனால்தான். பத்து, பதினான்கு நாள் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

கினிப்பன்றி, எலி, தென் அமெரிக்காவின் பெரிய கொறித்துண்ணியான கேப்பிபாரா எல்லாம் இதே வகை. ஆய்வுக்கூட எலிகளுக்குக் கம்பித்தரை போட்டும் பயனில்லை என்று கண்டு, வாலடியில் சிறு கிண்ணம் கட்டித் தடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் கே இல்லாத தீவனத்திலும் அதுவரை நன்றாக இருந்த எலிகளுக்கு அப்போது ரத்தம் உறையாமல் போயிற்று. வைட்டமின் ஆய்வுகளில் பல முரண்பட்ட முடிவுகளுக்கு எலியின் இந்தப் பழக்கமே காரணம்.

கோழியில் இதன் தொடர்ச்சி இன்னும் பெரியது. 1940-களில் தாவரப் புரதம் மட்டுமே கொடுத்து வளர்த்த கோழிகளின் முட்டை சரியாகப் பொரிக்கவில்லை, குஞ்சுகள் தேறவில்லை. தீவனத்தில் சிறிது மாட்டுச் சாணம் கலந்தால் சரியானது. சாணத்தில் இருந்த அந்தப் பொருளைத் தேடியவர்களும், மனிதரின் ரத்தசோகைக்கு ஈரலில் இருந்த மருந்தைத் தேடியவர்களும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: 1948-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12. அதைப் பாக்டீரியாதான் உண்டாக்கும், எந்தச் செடியும் விலங்கும் உண்டாக்காது. ஆழ்கூளத்தில், அதாவது தரையில் தடிமனாகப் பரப்பிய கூளத்தில், வளரும் கோழி தன் எச்சம் கலந்த கூளத்தைக் கொத்தி இதை ஓரளவு பெற்றுக்கொள்ளும். நாமக்கல் பக்கத்துக் கூண்டுக் கோழிக்கு எச்சம் எட்டாது. பி12-ம் கே-யும் வைட்டமின் கலவையில் தவறாமல் இருக்க வேண்டும்.

குதிரையும் யானையும் பின்பக்கம் நொதிக்கும் விலங்குகள்தான். அவை ஏன் தம் லத்தியைத் தின்பதில்லை? உடம்பு பெரிதாகப் பெரிதாக ஒரு கிலோ எடைக்குத் தேவையான ஆற்றல் குறைகிறது. குடலும் பெரிதாக இருப்பதால் அளவால் ஈடுகட்டிவிடலாம். யானை தின்பதில் பாதிக்கும் குறைவாகத்தான் செரிக்கிறது, அதனால் நாளெல்லாம் தின்கிறது. சின்ன உடம்புக்கு அந்த வசதி இல்லை. திபெத் பீடபூமியில் முயலின் உறவான பைக்கா என்ற சிற்றுயிர் −30 டிகிரிக் குளிரிலும் உறங்காமல் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அது உடலின் ஆற்றல் செலவைச் சுமார் 30 சதவீதம் குறைத்துக்கொள்கிறது. போதாததற்கு யாக் மாட்டின் சாணத்தைத் தின்கிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாதி செரித்த புல், எடுக்க அலைய வேண்டாம், உறைந்த தரையில் வேறு பசுமையும் இல்லை. வளர்ந்த குதிரை லத்தி தின்னத் தொடங்கினால் மட்டும் கவனியுங்கள்: நார்த்தீவனமோ புரதமோ குறைந்திருக்கிறது.

குட்டிகள் விஷயத்தில் யானையும் குதிரையும் விதிவிலக்கு. பிறந்த சில வாரங்களில் யானைக்குட்டி தாயின் லத்தியைத் தும்பிக்கையால் எடுத்துத் தின்னும், குதிரைக்குட்டியும் தாயின் லத்தியைத் தின்னும். பிறக்கும்போது குடல் வெறுமையாக இருக்கிறது. நாரை உடைக்கும் கூட்டத்தை எங்கிருந்தாவது பெற வேண்டும். முதுமலை தெப்பக்காடு போல, தாயைப் பிரிந்த குட்டிகளைப் புட்டிப்பாலில் வளர்க்கும் இடங்களில் நோயற்ற வளர்ந்த யானையின் புது லத்தி குட்டிக்கு எட்டுவது தவறல்ல, தேவை.

இதன் உச்சம் கோவாலா. ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. அது புரதத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதை உடைக்கும் பாக்டீரியா தாயின் சீக்கத்தில் இருக்கிறது. குட்டிக்கு ஐந்து மாதம் கடந்ததும் தாய் வழக்கமான கெட்டிப் புழுக்கைக்குப் பதில் குழைந்த பச்சை விழுது ஒன்றை வெளியிடும். குட்டி பையிலிருந்து தலையை நீட்டி அதைத் தின்று, சில வாரங்களில் இலைக்கு மாறும். விக்டோரியாவின் ஒட்வே முனையில் 2013 வாக்கில் கோவாலாக்கள் மன்னா என்ற யூகலிப்டஸ் மரத்தின் இலையைத் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியால் செத்தன. பக்கத்திலேயே மெஸ்மேட் என்ற இன்னொரு யூகலிப்டஸ் மரம் இருந்தும் தொடவில்லை. பிறகு மெஸ்மேட் தின்னும் கோவாலாவின் மலத்தை உறைமாத்திரையாக்கி மற்றவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் நுண்ணுயிர் எந்த அளவுக்கு மாறியதோ அந்த அளவுக்கு மெஸ்மேட் தின்பதும் கூடியது. 2019-இல் முடிவு வெளியானது.

பூச்சிகளில் இது இன்னும் பழைய வழக்கம். மரம் தின்னும் கறையான் தோல் உரிக்கும்போது பின்குடலின் உட்படலமும் கழன்று நுண்ணுயிர் முழுதும் போய்விடும். ஒவ்வொரு முறையும் கூட்டாளியின் ஆசனவாயிலிருந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் மரம் தின்றும் பட்டினிதான். நம் ஊர்ப் புற்றுக் கறையான் இந்த வேலையை உடம்புக்கு வெளியே வைத்துக்கொண்டது. தின்ற இலையும் குச்சியும் பாதி செரித்து மலமாக வெளிவரும். அதை அடுக்கி அடுக்கித் தட்டாகக் கட்டி அதன்மேல் பூஞ்சை வளர்த்து, பூஞ்சையோடு முதிர்ந்த தட்டையும் தின்கிறது. மழை பெய்ததும் புற்றில் பறித்துக் குழம்பு வைக்கும் காளான் அந்தப் பூஞ்சையின் குடைதான். அவரைக் கொடியில் கொத்தாக மொய்க்கும் சிறு நாவாய்ப்பூச்சியும் முட்டை வரிசைக்கு அடியில் பாக்டீரியா அடைத்த பழுப்புப் பொட்டலங்களை வைத்துவிட்டுப் போகும். பொரிந்த குஞ்சு முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மயிரற்ற அகழெலியிடம் மட்டும் முற்றிலும் வேறான பயன் ஒன்று தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் ஓர் அரசி மட்டுமே குட்டி போடும். மற்றப் பெட்டைகளின் சூலகம் வளர்ச்சியற்றது. கருவுற்ற அரசியின் புழுக்கையைத் தின்ற பெட்டைகளின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடி, அவை குட்டிகளின் குரலுக்கு ஓடிவருகின்றன என்று 2018-இல் கண்டார்கள். குட்டி வளர்க்கும் அக்கறை மலத்தின் வழியாக ஊட்டப்படுகிறது.

நாயிடம் வரும்போது நொதிக்கும் பைக் கணக்கு பொருந்தாது. அதற்குப் பெரிய சீக்கம் இல்லை. குட்டி போட்ட பெட்டை மூன்று வாரம்வரை குட்டிகளின் மலத்தை நக்கித் தின்பது முழுக்க இயல்பு. அவள் நக்கினால்தான் குட்டிக்கு மலமே வெளிவரும், படுக்கையும் சுத்தமாக இருக்கும். மற்ற நாய்களைப் பற்றிக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 16 சதவீத நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை என்று தெரியவந்தது. தின்றது பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட மலம். வயதோ தீவன வகையோ இதில் வேறுபாடு காட்டவில்லை. அவசர அவசரமாக விழுங்கும் நாய்களிடம் அதிகம் இருந்தது. ஓநாய்கள் குகையருகே விழுந்த மலத்தை, புழுமுட்டை தொற்றும் நிலைக்கு முதிர்வதற்குள் தின்று அப்புறப்படுத்திய பழக்கத்தின் மிச்சம் இது என்பது அவர்கள் கருத்து. காக்சிடியாவில் பார்த்த அதே நேரக் கணக்கு. எனக்கு இது நம்பத்தக்கதாகவே படுகிறது.

அதே ஆய்வில், மலத்தின் சுவையைக் கெடுக்கும் என்று விற்கும் பொடிகளும் மாத்திரைகளும் பலித்தது 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. அதற்குச் செலவழிக்காதீர்கள். மலம் விழுந்த உடனே எடுத்துவிடுவது, வெளியே கயிற்றில் அழைத்துப் போவது, 'விடு' என்றதும் திரும்பி வந்தால் பிடித்த தீனி கொடுத்துப் பழக்குவது: இவைதான் உதவும். துரத்தினாலும் அடித்தாலும் அடுத்த முறை இன்னும் வேகமாக விழுங்கும். வளர்ந்த நாய்க்குப் புதிதாக இந்தப் பழக்கம் வந்தால் நோயைத் தேடுங்கள். நிறையத் தின்றும் இளைத்து, மலம் வெளிறி நெய்ப்பசையோடு குவியல் குவியலாகப் போனால் கணையம் நொதி சுரக்கவில்லை என்று பொருள். ஜெர்மன் ஷெப்பர்டில் இது அதிகம். குடற்புழு, நீரிழிவு, ஸ்டீராய்டு மருந்து தரும் கொடும்பசி ஆகியவையும் காரணமாகலாம். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து போட்ட மாடு, குதிரையின் சாணத்தை நாய் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து சாணத்தில் சில நாள் தங்கும். காலி (collie) என்ற மேய்ப்பு இன நாய்களில் பலவற்றுக்கு அது மூளைக்குள் போய் நடுக்கமும் மயக்கமும் உண்டாக்கும்.

பன்றிக்கு வருவோம். குட்டி தாயின் விட்டையைக் கிளறித் தின்பதில் பயன் உண்டு. குட்டிக்கு நாளுக்கு 7 மி.கி. இரும்புச்சத்து வேண்டும், பாலில் கிடைப்பது 1 மி.கி. மண்ணும் விட்டையும் மீதியில் ஒரு பகுதியைத் தரும். கழுவிவிட்ட சிமென்ட் தரையில் இரண்டும் இல்லாததால்தான் மூன்றாம் நாள் 200 மி.கி. இரும்பு ஊசி போடுகிறோம். மனித மலத்தைத் தின்னும்படி பன்றியைத் தெருவில் விடுவது மட்டும் எந்த வகையிலும் சேராத ஆபத்து. நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் வரும் முட்டைக்கு முதிரும் காலமே தேவையில்லை. வெளிவந்த உடனே தொற்றும். பன்றியின் தசையில் அது கொப்புளமாகத் தங்கும். வேகாத கறி தின்பவர் குடலில் கொப்புளம் நாடாப்புழுவாக வளரும். அவர் மலத்தில் மறுபடி முட்டை. அந்த முட்டை மனிதர் வாய்க்குள் போனால் கொப்புளம் மூளையில் உருவாகி வலிப்பு வரும். பன்றிக்கறியைத் தொட்டறியாதவர்களுக்கும் இந்த வலிப்பு வருகிறது. கழுவாத கீரையிலோ, சமைத்தவர் கையிலோ ஒட்டி வரும் முட்டை போதும்.